கோட்டுக்கு அந்தப் பக்கம்

எல்மருக்கு முதல் பல் விழுந்தபோது
ஆறு வயது முடிந்து மூன்று வாரம்.
எலி வந்து எடுத்துப் போகுமென்று
தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினான்.
எலி நான்தான்.
ஒரு சோல் காசை வைத்துவிட்டு
பல்லைக் காகித உறையிலிட்டு
ஆய்வகத்துப் பெண்ணிடம் கொடுத்தேன்.
உறைமேல் பெயர் இல்லை. எண் மட்டும், நாற்பத்தொன்று.

எழுத்துகளை இவன் தெரிந்துகொள்வான்.
மறுநாள் அவை இவனைத் தெரியாததுபோல் நிற்கும்.
மேசையைக் கவிழ்த்துவிட்டான் என்று
பள்ளியிலிருந்து ஆள் வந்தது.
சோம்பல் என்றார் ஆசிரியர்.
"உங்கள் வீட்டில் யாராவது இப்படியா, ஃபிலோமேனா?"
என்றாள் மாமியார்.
பதில் சொல்லவில்லை.

எங்கள் வீடு லா ஒரோயாவில்.
அங்கே உருக்காலை மூச்சு விடும், நாங்கள் இருமுவோம்.
சுற்றி நிற்கும் மலைகளில் ஒரு புல் கிடையாது,
தோல் உரிந்ததுபோல் வெளுத்துக் கிடக்கும்.
விடிகாலையில் நாக்கில்
காசை வைத்து எடுத்ததுபோல் ஓர் இனிப்பு.
அப்பா வேலை முடிந்து வந்ததும்
பூட்ஸைக் கூடக் கழற்றாமல் என்னைத் தூக்கிச் சுற்றுவார்.
அந்தப் புகைதான் அவருக்குச் சம்பளம் தந்தது.
என்னைப் படிக்க வைத்ததும் அதுதான்.
பத்தொன்பதில் பேருந்து ஏறினேன்.
இரண்டு பாவாடை, ஒரு போர்வை,
மூன்று தண்ணீர் மாற்றி அலசியது.

இவன் பிறந்தது உவாங்காயோவில்.
புகைபோக்கி இல்லாத தெருவில்.

யெசேனியா திரையில் பல்லைக் காட்டினாள்.
மரத்தை அறுத்ததுபோல் வளையம் வளையமாக,
நடுவே மயிரிழை அளவு ஒரு கோடு.
"இது அவன் பிறந்த நாள்."
பிறக்கும் அதிர்ச்சியில்
பல் கொஞ்சம் திகைத்து நிற்குமாம்,
அந்தத் திகைப்புதான் கோடாம்.
கோட்டுக்கு இந்தப் பக்கம்
அவன் குடித்த தண்ணீர், வாயில் போட்ட மண்.
கோட்டுக்கு அந்தப் பக்கம்
விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலிருந்தாள்.
ஈயம் அங்கேதான் அதிகம்.

அங்கே அவனுக்கு ஊர் ஏது?
நான்தான் ஊர்.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினால்
எப்படி இருக்குமோ தெரியாது.
எனக்கு மெதுவாக ஊற்றினார்கள்,
பத்தொன்பது வருடம்,
மூக்கு வழியாக, ரொட்டி வழியாக,
அப்பாவின் கை வழியாக.

எலும்புக்கு ஈயம் எது சுண்ணாம்பு எது என்று
பிரித்துப் பார்க்கத் தெரியாதாம்.
இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டி வைக்கும்,
இருபது வருடமானாலும்.
வயிற்றில் ஒன்று வந்து
எலும்பு கட்டவேண்டும், கொடு என்றால்
திறந்து, பார்க்காமல், அள்ளிப் போடும்.
ஈ என்றது உள்ளே இருந்தது.
ஈந்தேன்.
ஈயத்தையும்.

அந்த மாதங்களில் எதுவும் தங்கவில்லை எனக்கு,
பாலின் வாசனைக்கே குமட்டும்.
எதைத் தின்று வளர்கிறதோ இது, என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.
என் எட்டு வயதைத் தின்றிருக்கிறது.
ஆலைச் சுவருக்குப் பின்னால்
கரிய மணலில் நான் தட்டித் தட்டி விளையாடிய
அப்பங்களை.

இப்போது மறுபடியும் நான்கு மாதம்.
குதிரைக்குக் கொடுக்கிற அளவில் சுண்ணாம்பு மாத்திரை,
காலையும் மாலையும்.
"குறையும். முழுக்க நிற்காது" என்றாள் யெசேனியா.
பொய் சொல்லத் தெரியாத பெண்.
ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து பால் காய்ச்சுகிறேன்.
தொடையைத் தட்டிக் கொடுத்து
எலும்பிடம் சொல்கிறேன்: தூங்கு.
இந்தா, உனக்குப் பால். நீ எழுந்திருக்காதே.

எல்மர் தூக்கம் வராமல் வந்து ஒட்டிக்கொண்டான்.
இன்னொரு பல் ஆடுகிறது, நாக்கால் தள்ளிக் காட்டினான்.
"பல்லை வைத்து எலி என்ன செய்யும்?"
"வாசிக்கும்."
வெகுநேரம் யோசித்தான்.
"எலிக்கு வாசிக்க வருமா?"
"மெதுவாக வரும்."
"எத்தனை நாளில்?"

பாலில் ஆடை கட்டிவிட்டிருந்தது.
அதையும் சேர்த்துக் குடித்தேன்.